வாடிக்கையாளர் வேலை முடிந்துவிடுகிறது, என் சொந்த வேலைகள் மட்டும் கிடக்கின்றன: தனியே வாழ்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி
எழுதியவர்: செக்காலை வரைவாளர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது முப்பத்து மூன்று. பழைய செட்டிநாட்டு வீடுகளை முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை அளந்து, படமாக வரைந்து, கட்டடக் கலைஞர்களுக்குக் கொடுப்பது என் தொழில். சென்னையில் பெற்றோருடன் இருந்தபடி ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தேன். இப்போது காரைக்குடி செக்காலையில் வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இந்த வாழ்க்கையை நானே விரும்பித் தேர்ந்துகொண்டேன், அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

என் சிக்கல் வேறு. வாடிக்கையாளருக்குச் செய்யவேண்டிய வேலை தாமதமாவதே இல்லை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியில், தூண்களை ஒவ்வொன்றாக நாடா பிடித்து அளந்து வந்தால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே அளவுகளைக் கணினியில் ஏற்றிவிடுவேன். ஆனால் எனக்கென்று உள்ள வேலைகள், செய்தாயா என்று யாரும் கேட்காத வேலைகள், மாதக்கணக்கில் தள்ளிப்போகின்றன. வருமான வரிக் கணக்கை இன்னும் தாக்கல் செய்யவில்லை. வாடிக்கையாளர்கள் தரும் தொகையிலிருந்து பத்து விழுக்காடு பிடித்தம் செய்கிறார்கள். அதில் பெரும்பகுதி எனக்குத் திரும்பி வரவேண்டிய பணம் என்பது நன்றாகத் தெரிந்தும் செய்யவில்லை. பழைய நிறுவனத்தில் இருந்த பி.எஃப். கணக்கு அங்கேயே இருக்கிறது. கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து, குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. இதுவரை வரைந்தவற்றில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பாக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்தக் கோப்பில் தலைப்பு மட்டுமே இருக்கிறது.

ஒரு மாலையை உள்ளபடி சொல்கிறேன். ஏழு மணிக்கு வரித்துறைத் தளத்தைத் திறக்கிறேன். கடவுச்சொல் கேட்கிறது, நினைவில் இல்லை. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணுக்காகக் காத்திருக்கும்போது, வங்கிக் கணக்கு அறிக்கையும் வேண்டுமே என்று தோன்றுகிறது. அது எந்தக் கணக்கில் எந்த மாதத்திலிருந்து வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியதும் நெஞ்சில் ஒரு கனம் ஏறுகிறது. தேநீர் போடலாம் என்று எழுந்து போகிறேன்; போன இடத்தில் அடுப்பு மேடையைத் துடைக்கிறேன், பாத்திரங்களை அடுக்குகிறேன். ஒன்பது மணிக்குச் சமையலறை சுத்தமாக இருக்கிறது, கணக்கு அப்படியே இருக்கிறது.

செயலிகளும் பட்டியல்களும் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. பட்டியல் நீள்கிறதே தவிர வேலை நகரவில்லை. மனஉறுதி வேண்டும் என்ற பொதுவான அறிவுரையை நான் கேட்கவில்லை. தனியே வாழ்ந்துகொண்டு, மேலதிகாரியோ பெற்றோரோ கேட்காத நிலையில், உங்கள் சொந்த வேலைகளை எந்த ஏற்பாட்டினால் முடிக்கிறீர்கள் என்பதே என் கேள்வி.


பதில் 1
எழுதியவர்: தேவகோட்டை ஆச்சி

மகளே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களிடம் சோம்பல் இல்லை. வெயிலில் தூண் அளந்து வந்து அன்றிரவே வரைய உட்காருகிறவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது: கேட்க ஆள் இருக்கும் வேலை நடக்கிறது, கேட்க ஆள் இல்லாத வேலை கிடக்கிறது.

எங்கள் நகரத்தார் குடும்பங்களில் வேறு வைக்கும் வழக்கம் உண்டு. திருமணமாகிச் சில காலத்திற்குள், மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள்ளேயே தனிக் குடித்தனமாக வைத்துவிடுவார்கள். தனி அடுப்பு, தனி அறை, ஆண்டுச் செலவுக்கு அளந்து கொடுத்த அரிசி பருப்பு, குறித்த தொகை என்று எல்லாம் தனி. என்னை வேறு வைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. என்ன சமைப்பது, எதை வாங்குவது, எதை மிச்சம் பிடிப்பது என்பதை நானே முடிவு செய்தேன். மாமியார் ஒரு வார்த்தை குறுக்கே சொன்னதில்லை. ஆனால் வளவு பொதுவானது. காலையில் என் அடுப்பு புகையாவிட்டால் எதிர்ப்பக்கத்து ஓரகத்திக்குத் தெரிந்துவிடும். ஆண்டு முடிவில் எனக்குக் கொடுத்த தொகை எப்படிச் செலவானது என்று நோட்டைக் காட்டவேண்டும். முடிவு என்னுடையது, கணக்கு மட்டும் இன்னொருவர் கண்ணில் பட்டது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பழக்கியதால்தான் எங்கள் தலைமுறைப் பெண்கள் இளவயதிலேயே குடும்பம் நடத்தக் கற்றார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் ஐயா, அதாவது என் அப்பச்சியின் தகப்பனார், பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். கடலுக்கு அப்பால் கடை. முதலாளி இருப்பதோ செட்டிநாட்டில். முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாளாகப் போகிறவருக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. அவ்வளவு தொலைவில், அவ்வளவு காலம், யாரும் பக்கத்தில் நின்று மேற்பார்க்க முடியாத இடத்தில் வேலை ஒழுங்காக நடந்ததற்குக் காரணம் அன்றன்றைக்குச் சிட்டையை, அதாவது அன்றாடக் கணக்கை, முடித்துவிட்டுத்தான் படுப்பது என்ற பழக்கம். இருப்பை எண்ணி, வரவும் பற்றும் நேராகிறதா என்று பார்த்து, பேரேட்டில் ஏற்றியபின்தான் விளக்கை அணைப்பார்கள் என்று ஐயா சொல்வார். ஊருக்குக் கணக்குப் போகும், ஊரில் ஒருவர் அதைப் படிப்பார் என்ற நினைவு ஒவ்வோர் இரவும் கூடவே இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது எத்தனையோ பேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பினார்கள். ஐயாவும் அப்படித்தான் வந்தார். கடைசி நாள் வரை எழுதிய குறிப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான் என்று எனக்குப் படுகிறது. உங்கள் வேலைக்கு ஒரு வளவை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், ஒரு குறித்த நேரத்தில், இந்த வாரம் இதை முடித்தேன், இது நிற்கிறது என்று இரண்டு வரி அவருக்கு அனுப்புங்கள். அவர் திட்டவும் வேண்டாம், புகழவும் வேண்டாம். படித்தேன் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.


பதில் 2
எழுதியவர்: உளவியல் ஆசிரியை, காரைக்குடி

வணக்கம். ஆச்சி சொன்னதை நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன்; இந்தப் பொருளில் பல ஆண்டுகளாக ஆர்வம் உள்ளவள்.

நீங்கள் விவரித்த அந்த மாலை என்னை மிகவும் கவர்ந்தது, ஏனென்றால் தள்ளிப்போடுதல் நிகழும் சரியான நொடியை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். நெஞ்சில் ஒரு கனம் ஏறுகிறது என்றீர்களே, அந்த இடம்தான். வேலையின் கடினத்தைவிட, வேலையை நினைத்ததும் எழும் அந்த உணர்விலிருந்தே நாம் விலகி ஓடுகிறோம். ஃபூசியா சிரோய், திமதி பிச்சில் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் இதை விரிவாக எழுதினார்கள்: தள்ளிப்போடுகிறவர் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாதவர் என்று எண்ணுவது போதாது, அவர் அந்தக் கணத்தில் தன் மனநிலையைச் சரிசெய்துகொள்கிறார், அதன் விலையைப் பின்னாளில் தானே செலுத்துகிறார் என்பது அவர்கள் கருத்து. அடுப்பு மேடையைத் துடைத்ததும் உங்களுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே மறுநாளும் உங்களை எழுப்பி அழைத்துப் போகிறது. ஆகவே மனஉறுதி பற்றிய அறிவுரை வேண்டாம் என்று நீங்கள் சொன்னது முற்றிலும் சரி.

பட்டியல் ஏன் உதவவில்லை என்பதையும் பார்க்கலாம். ‘வருமான வரி’ என்று பட்டியலில் எழுதினால் அது ஒரு வேலை அன்று. எட்டுப் பத்து வேலைகளின் மூட்டை. மூட்டையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்த ஒரு முறை இதற்கு மிகவும் பயன்படும். ‘இதைச் செய்வேன்’ என்று தீர்மானிப்பதற்குப் பதிலாக, ‘இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது நிகழ்ந்ததும், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி நேரத்தையும் இடத்தையும் குறித்துத் தீர்மானித்தவர்கள் வெறுமே தீர்மானித்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகச் செய்து முடித்திருந்தார்கள். உங்களுக்கு இது இப்படி அமையும்: ‘வெள்ளிக்கிழமை காலைக் காப்பி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், வாசல் அறை மேசையில் உட்கார்ந்து, வரித்துறைத் தளத்தின் கடவுச்சொல்லை மாற்றுவேன்.’ அன்றைக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

கெடு வைத்துக்கொள்வது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். டான் ஏரியலி, கிளாஸ் வெர்ட்டன்பிராக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று கட்டுரைகளைப் பிழைதிருத்தும் வேலையை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சீரான இடைவெளியில் மூன்று கெடுக்கள் வெளியிலிருந்து விதிக்கப்பட்டன. ஒரு குழு தன் கெடுக்களைத் தானே வைத்துக்கொண்டது. இன்னொன்றுக்குக் கடைசியில் ஒரே கெடு. முதல் குழு அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தது, தாமதமும் அதற்கே குறைவு. தானே கெடு வைத்துக்கொண்ட குழு நடுவில் நின்றது. கடைசியில் ஒரே கெடு இருந்தவர்கள்தாம் எல்லாவற்றிலும் பின்தங்கினார்கள். நமக்கு நாமே வைக்கும் கெடு பயன்படும், ஆனால் வெளியிலிருந்து வரும் கெடுவுக்கு அது ஈடாகாது. ஆச்சியின் வளவு இதனால்தான் வேலை செய்தது.

இறுதியாக, கடந்துபோன மாதங்களுக்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவேண்டாம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மைக்கேல் வோல் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, முதலாண்டு மாணவர்கள் 119 பேரைப் பற்றியது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போட்டது குறைந்திருந்தது. குற்ற உணர்வு கூடக்கூட, அந்த வேலையை நினைப்பதே வலியாகிவிடுகிறது; வலிக்கிற பக்கம் மனம் திரும்பாது.


மறுமொழி
எழுதியவர்: செக்காலை வரைவாளர்

ஆச்சிக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் மிக்க நன்றி. கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் ஒரு நாளைக்குப் போதும் என்று படித்தபோது தோள் இளகியது. ஆனால் ஓர் ஐயம். வரித் தாக்கலைத் துண்டு துண்டாக்கலாம்; ஒவ்வொரு துண்டும் தெளிவானது. வரைபடத் தொகுப்பை எப்படித் துண்டாக்குவது? அங்கே எது முதல் வேலை என்பதே தெரியவில்லை. எந்த வீட்டில் தொடங்குவது, எவ்வளவு எழுதுவது, யார் படிக்கப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே கோப்பை மூடிவிடுகிறேன்.


பதில் 3
எழுதியவர்: ஆத்தங்குடிப் பட்டறை

தங்கச்சி, நான் ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கிறேன்; தரையில் பதிக்கும் பூ வேலை வண்ணக் கற்களைச் செய்கிறோம். படித்தவர்கள் பேசும் இடத்தில் கைவேலைக்காரன் சொல்வதும் உதவலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் பாதியில் எழுந்து போவதற்கு இடமே இல்லை. இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வோர் அறைக்கும் உரிய வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவோம். அச்சை நேராக மேலே தூக்கவேண்டும். கை நடுங்கினால் ஒரு நிறம் இன்னொன்றில் ஓடிவிடும். உடனே உலர்ந்த சிமெண்டையும் மணலையும் மேலே தூவி, அது ஈரத்தை இழுத்ததும் சாந்தை வைத்து அழுத்தி மட்டம் செய்யவேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரம் மிகக் குறைவு. ஊற்றிய கலவை காத்திருக்காது. பிறகு கல்லை எடுத்து வைத்துவிட்டால், தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறுவதும் வெயிலில் காய்வதும் அதன் போக்கில் நடக்கும்; அங்கே அவசரப்பட்டுப் பயன் இல்லை.

ஆகவே எங்களுக்குத் தாமதம் வருமானால் அது கலவை ஊற்றுவதற்கு முன்னால்தான் வரும். மணல் சலிக்காமல் கிடக்கும், கண்ணாடி துடைக்காமல் இருக்கும், நேற்றைய அச்சில் சிமெண்ட் ஒட்டியிருக்கும்; இவற்றைப் பார்த்தால் எந்த ஆளுக்கும் உட்கார மனம் வராது. என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாலையில் கை கழுவுவதற்கு முன், மறுநாள் போடப்போகும் முதல் கல்லுக்கு உரிய கண்ணாடி, அச்சு, சலித்த மணல், அளந்து வைத்த வண்ணப்பொடி எல்லாம் அந்தந்த ஆளின் இடத்தில் இருந்தாக வேண்டும். காலையில் வருகிறவர் யோசிக்க வேண்டியது எதுவும் இல்லை. உட்கார்ந்தால் கை தானே போகும். முதல் கல் விழுந்துவிட்டால் அன்றைய வேலை ஓடிவிடும்.

ஆசிரியை அம்மா மனநிலை பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் மனம் சரியாகட்டும் என்று காத்திருப்பதைவிட மேசையைச் சரியாக வைப்பது எளிது. உங்கள் தொகுப்புக்கு இன்றிரவு செய்யவேண்டியது ஒரே ஒரு படத்தைத் திறந்து, கணினியை அப்படியே வைத்துவிட்டுப் படுப்பது. எந்த வீடு என்று யோசிக்க வேண்டாம். கடைசியாக வரைந்த வீடே இருக்கட்டும். அருகில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். காலையில் அந்தப் படத்தின் கீழே, இந்த வீட்டில் நீங்கள் வியந்த ஒன்றை நான்கு வரியில் எழுதுங்கள். யார் படிப்பார்கள் என்பது பத்துப் படம் சேர்ந்தபின் கேட்கவேண்டிய கேள்வி.


பதில் 4
எழுதியவர்: பள்ளத்தூரான், சிங்கப்பூர்

ஆச்சி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பார்க்கும் கண் எல்லாம் உதவும் கண் ஆகாது. சொந்தபந்தத்தில் ஒருவரிடம் கணக்குச் சொல்லத் தொடங்கினால், அது விசாரணையாக மாற நெடுநேரம் பிடிக்காது. வேலை முடிந்ததா என்பதில் ஆரம்பித்து, தனியாக ஏன் இருக்கிறாய், கல்யாணம் எப்போது என்பதில் போய் நிற்கும். அப்படிப்பட்டவரிடம் சொல்லவேண்டுமே என்ற அச்சத்தில் முடியாத வேலையை முடிந்ததாகச் சொல்லத் தோன்றும். அது இன்னும் ஆழமான குழி.

நானும் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தனியே வாழ்கிறேன். எனக்குப் பயன்பட்டது, உறவும் இல்லாத, அதிகாரமும் இல்லாத ஒருவருடன் சேர்ந்து உட்காருவது. என் பழைய கல்லூரி நண்பர் ஒருவர் திருச்சியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் இருவரும் காணொலி அழைப்பில் இருப்போம். தொடங்கும்போது, இன்று நான் இதைச் செய்யப்போகிறேன் என்று ஒரு வாக்கியம். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு அவரவர் வேலை. முடியும்போது இன்னொரு வாக்கியம். அவர் என் வேலையைப் பார்ப்பதும் இல்லை, நான் அவருடையதைக் கேட்பதும் இல்லை. எதிரே ஒரு மனிதர் தன் வேலையில் குனிந்திருப்பதைப் பார்க்கும்போது எழுந்து போகத் தோன்றுவதில்லை. என் குடியிருப்பு ஆவணங்கள், காப்பீடு, அம்மாவின் மருத்துவச் செலவுக் கணக்கு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கின்றன.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனம் சொல்வதை நம்பவேண்டாம். 1994இல் ரோஜர் பியூலர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். நீங்கள் அளந்த வேலைக்கு நேரம் போட உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் பலமுறை செய்திருக்கிறீர்கள். செய்யாத வேலைக்கு அப்படி முடியாது. ‘ஒரு மணி நேர வேலைதானே, நாளை செய்துகொள்ளலாம்’ என்று நினைப்பதும், ‘ஒரு நாள் முழுக்கப் போய்விடும்’ என்று மலைப்பதும் இரண்டுமே பெரும்பாலும் தவறாக இருக்கும். நேரத்தைக் கணிக்காமல், இத்தனை மணிக்கு உட்காருவேன், இத்தனை மணிக்கு எழுவேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலைப் பல்லவன் ரயிலைப் பிடிக்கவேண்டிய நாளில் நாம் யாரும் தாமதிப்பதில்லை. வண்டி நம் மனநிலையைப் பார்த்துப் புறப்படுவதில்லை என்பதுதான் காரணம்.


மறுமொழி
எழுதியவர்: தேவகோட்டை ஆச்சி

தம்பி சொல்வது நியாயம். ஒரே வளவில் இருந்த எல்லோருக்கும் அது நல்லதாக அமைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஓரகத்தியின் கண்ணுக்குப் பயந்து, உலையில் அரிசி இல்லாமலே அடுப்பைப் புகைய விட்ட பெண்களும் இருந்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உறவு வேண்டாம் என்றால் வேண்டாம். கேட்டதை வெளியே சொல்லாதவராகவும், வேலையைத் தவிர வேறு எதையும் கேட்காதவராகவும் இருந்தால் போதும். நான் முன்பு நம்பிக்கையான ஒருவர் என்று எழுதியதற்கு இவ்வளவையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள், மகளே.

பல்லை மட்டும் இந்த வரிசையில் வைக்கவேண்டாம். அது கெடு வைத்துச் செய்கிற காரியம் இல்லை. சொத்தை வேரைத் தொட்டுவிட்டால் அடைக்கிற செலவு வேர் சிகிச்சைச் செலவாக மாறிவிடும். நாளைக் காலையே தொலைபேசியில் நேரம் வாங்கிவிடுங்கள். நேரம் வாங்கிவிட்டால் காத்திருக்க அங்கே ஒரு மனிதர் வந்துவிடுகிறார்.


மறுமொழி
எழுதியவர்: உளவியல் ஆசிரியை, காரைக்குடி

பட்டறை அண்ணன் எழுதியதை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். மனநிலைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. மாலையிலேயே கண்ணாடியைத் துடைத்து வைப்பது, காலையில் எழக்கூடிய அந்தக் கனமான உணர்வுக்கு இடம் கொடுக்காமல் செய்கிறது.

இந்த இழையைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கேள்வி கேட்டவர் தன் தொழிலை உற்சாகமாகச் செய்கிறார், எனவே இது அவருக்குப் பொருந்தாது என்றே எண்ணுகிறேன். ஆனால் விருப்பமான வேலைகூடப் பிடிக்காமல் போய், தூக்கமும் பசியும் மாறி, எழுந்து குளிப்பதே மலையாகத் தோன்றும் நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அதைத் தள்ளிப்போடும் பழக்கம் என்று கருதி உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிறுவயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காமல், பொருள்களைத் தொலைத்து, தொடங்கியவை எல்லாம் பாதியில் நிற்கும் இயல்பு இருந்தால், கவனக்குறைவுக் கோளாறு உண்டா என்று பரிசோதிப்பதும் நல்லது; பெரியவர்களிடமும் அது உண்டு, சிகிச்சையும் உண்டு. இவற்றுக்கு ஏற்பாடு போதாது, மருத்துவர் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது.


மறுமொழி
எழுதியவர்: செக்காலை வரைவாளர்

எல்லோருக்கும் நன்றி. பல் மருத்துவரிடம் வியாழன் மாலைக்கு நேரம் வாங்கிவிட்டேன். அரியக்குடியில் வரைந்த வீட்டின் படம் திறந்தபடி இருக்கிறது, தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கின்றன. அந்த வீட்டில் மழைநீர் கூரையிலிருந்து முற்றத்துக்கு இறங்கி, அங்கிருந்து அண்டாவுக்குப் போகும் வழியைப் பற்றி எழுதப்போகிறேன்; அளக்கும்போதே அது என்னை நிறுத்திவைத்தது.

கணக்குக் கேட்கும் ஆளாக, பழைய அலுவலகத் தோழி ஒருத்தி இசைந்திருக்கிறாள். அவளுக்கும் பி.எஃப். மாற்றாமல் கிடக்கிறதாம். ஞாயிறு மாலை ஏழிலிருந்து எட்டு வரை இருவரும் அழைப்பில் உட்காருவதாக முடிவு செய்திருக்கிறோம். வரித்துறைக் கடவுச்சொல் வெள்ளிக்கிழமை. அதற்கு அடுத்த துண்டு எது என்பதை யாராவது தெரிந்தவர்கள் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை யோசிக்காமல் உட்கார முடியும்.


பதில் 5
எழுதியவர்: வரிப் பணியாளர், தேவகோட்டை

அம்மா, வரித் தாக்கல் வேலையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். உங்களைப் போன்ற தனித்தொழில் செய்வோர் பெரும்பாலும் எங்கே சிக்குகிறார்கள் என்பது தெரிந்ததால் எழுதுகிறேன்: எல்லா ஆவணங்களும் கையில் இருந்தால்தான் தொடங்கலாம் என்று எண்ணுவார்கள். அப்படி வேண்டியதில்லை.

கடவுச்சொல் கிடைத்ததும், அதே தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையையும், 26ஏஎஸ் என்று நாங்கள் சொல்லும் வரிப் பிடித்த விவரத்தையும் தரவிறக்கம் செய்யுங்கள். யார் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்பது அங்கேயே வரிசையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு அது ஒன்று போதும். அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைக்கான வங்கி அறிக்கையை எடுத்து, அந்த வரிசையில் உள்ள தொகைகள் எல்லாம் கணக்கில் வந்திருக்கின்றனவா என்று பென்சிலால் குறியிட்டுப் பாருங்கள். பிடித்தம் செய்துவிட்டு அரசுக்குச் செலுத்தாத வாடிக்கையாளர் யாரேனும் இருந்தால் இந்த இடத்தில் தெரியும். அவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மூன்றாவது வாரம் தாக்கல் செய்துவிடலாம்.

உரிய நாள் தாண்டியிருந்தாலும் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்ய முடியும். மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் கட்டணம் 5,000 ரூபாய், அதற்குள் என்றால் 1,000 ரூபாய். தாக்கல் செய்தபின் முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்க மறக்கவேண்டாம். பலர் தாக்கல் செய்த மகிழ்ச்சியில் அதை விட்டுவிட்டு, பணம் ஏன் வரவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். பணம் திரும்பி வரவேண்டிய வங்கிக் கணக்கையும் தளத்தில் முன்கூட்டியே உறுதிசெய்து வையுங்கள். இடையில் எங்கே சிக்கினாலும் இங்கேயே எழுதுங்கள். பான் எண்ணையும் தொகைகளையும் மட்டும் பொதுவில் போடவேண்டாம்.